சாக மறுத்த புழுக்கள்

செத்திருக்க வேண்டிய புழுக்கள் சாகவில்லை. அதுதான் சிக்கல்.

ஒரே தாய்த்தட்டில் பிறந்த புழுக்கள். ஒரே கிருமி. ஒரே சூடு. கோட்டு என்கிறவன் எடுத்துப் போட்ட நூற்றிருபது புழுக்களில் பாதி அறுபது மணி நேரத்தில் செத்து, அறுந்த நூல் மாதிரி விறைத்துக் கிடந்தன. ஊசி என்கிறவள் எடுத்துப் போட்ட நூற்றிருபதில் பாதி சாவதற்கு எண்பது மணி நேரம் ஆனது. ஒரு தடவை இப்படி நடந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். இரண்டு தடவை நடந்தால் முகம் சுளிக்கலாம். ஏழு தடவை நடந்திருந்தது. ஏழு தடவையும் ஊசியின் புழுக்கள்தான் வீம்புக்கு உயிரோடிருந்தன.

ஊசி என்பது ஆய்வுக்கூடம் அவளுக்கு வைத்த பெயர். முனையில் பிளாட்டினக் கம்பி பொருத்திய கண்ணாடிக் குச்சி ஒன்று எப்போதும் அவள் கையில் இருக்கும். அந்தக் கம்பியின் நுனியால், ஒரு தூசியளவு புழுவை அடிபடாமல் நெம்பித் தூக்கி அடுத்த தட்டில் இறக்கிவிடுவாள். பன்னிரண்டு வருடமாக அதுதான் வேலை. பெயருக்கு அது பாதிக் காரணம். மீதிப் பாதி அவள் வாய்.

கோட்டு, முனைவர் பட்டத்தின் மை காயாமல் ஐந்து மாதம் முன்பு வந்து சேர்ந்தவன். சாப்பிடப் போகும்போதும் வெள்ளைக் கோட்டைக் கழற்ற மாட்டான். அவனைக் கூட்டி வந்தவர் புதுத் தலைவர். தலைவருக்கு ஊசி வைத்த பெயர் மேதாவி. அதை அவர் முன்னால் மட்டும் சொல்ல மாட்டாள்.

மாதம் பிறந்த மூன்றாம் நாள் மேதாவி அவளைத் தன் அறைக்கு அழைத்தார். மேசைமேல் இரண்டு வரைபடங்கள். கோட்டின் கோடு சறுக்குமரம் மாதிரி சர்ரென்று இறங்கியது. அவளுடையது மனமே இல்லாமல் மெல்ல இறங்கியது.

"பாருங்கம்மா, புழு ஒண்ணும் ஆளுக்கு ஆள் வித்தியாசம் பார்க்காது."

"அது பார்க்காது சார்."

அந்த 'அது'வில் இருந்த அழுத்தம் அவருக்கு உறைத்ததா என்று தெரியவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"பழைய நோட்டெல்லாம் எடுத்துப் பார்த்தேன். ஆறு மாசம் முன்னாடி வரைக்கும் உங்க எண்ணிக்கையும் அறுபதுதான். இப்ப எண்பது. என்ன அர்த்தம்? செத்ததை எல்லாம் உயிரோட இருக்குன்னு எண்ணியிருக்கீங்க. கண்ணு மங்கியிருக்கும். இல்ல, அக்கறை மங்கியிருக்கும்."

"கம்பியால ஒவ்வொண்ணையும் மூணு தடவை தொட்டுப் பார்த்துத்தான் சார் எண்ணறேன். அசைஞ்சா உயிர். அசையலேன்னா பிணம். இதுல கண்ணு மங்க என்ன இருக்கு?"

"மாசக் கடைசியில உங்க வேலை நீட்டிப்புக் கடிதம் ஆபீசுக்குப் போகணும். அதுக்குள்ள எப்படி எண்பது வருதுன்னு விளக்குங்க. முடியலேன்னா, 'என் எண்ணிக்கை தப்பு'ன்னு எழுதிக் கையெழுத்து போட்டுடுங்க. வேலை போகாது. பாத்திரம் கழுவற ரூம்ல ஒரு இடம் காலியா இருக்கு."

கழுவும் அறை அவளைச் சுடவில்லை. கையெழுத்துதான் சுட்டது. ஓர் எண்ணிக்கை தப்பு என்று எழுதிக் கொடுத்தால், பன்னிரண்டு வருட நோட்டுகளும் தப்பு என்றாகிவிடும். அந்த நோட்டுகளை நம்பிப் பட்டம் வாங்கியவர்கள் பதினோரு பேர். நாளைக்கு அவர்களே, "ஓ, அந்தம்மா எண்ணினதா?" என்று உதட்டைப் பிதுக்குவார்கள்.

"விளக்கறேன் சார்," என்று எழுந்தாள். எப்படி என்று அவளுக்கே தெரியாது.

*

இந்தப் புழுவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் ஊசி பட்ட பாடு புரியாது.

மொத்த நீளம் ஒரு மில்லிமீட்டர். உடம்பு கண்ணாடி போல. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தின்றது குடலில் போவதுகூடத் தெரியும். மண்ணில் வாழ்வது, பாக்டீரியா தின்பது. ஆய்வுக்கூடத்தில் அதற்கென்று தட்டில் நல்ல பாக்டீரியாவைப் பூசி வைப்பார்கள். மேய்ந்துகொண்டு இரண்டு மூன்று வாரம் வாழும். நல்லதற்குப் பதிலாகப் பச்சைக் கிருமியைப் பூசினால், அதையும் சாப்பாடு என்று தின்னும். தின்ற கிருமி குடலுக்குள் குடியேறிப் பெருகி, மூன்று நாளில் ஆளை முடித்துவிடும். தட்டு முழுக்க ஓரம் விடாமல் கிருமியைப் பூச வேண்டும். இடம் விட்டால் புழு நகர்ந்து தப்பித்துக்கொள்ளும்.

நோயோடு சண்டை போட நம் உடம்பில் இரத்தத்தில் ஒரு படையே சுற்றுகிறது. இந்தப் புழுவுக்கு இரத்தமே கிடையாது. படையும் கிடையாது. குடலின் சுவரில் இருக்கும் செல்களே கிருமியைக் கொல்லும் பொருள்களைச் சமைத்துக் குடலுக்குள் விட வேண்டும். சமையல் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு காலம் புழு தாக்குப்பிடிக்கும். நரம்பு செல்கள் மொத்தம் முந்நூற்றிரண்டு. ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது, எதோடு சேர்கிறது என்று படம் போட்டு வைத்திருக்கிறார்கள்.

ஊசிக்கு இதெல்லாம் மனப்பாடம். ஆனால் மரியாதை கிடையாது. "வாய், வயிறு, வால். நடுவுல நகர்றதுக்கு நாலு நரம்பு," என்பாள். "நம்ம தலைவருக்கு எண்ணாயிரம் கோடிக்கு மேல இருக்கு. அதுவே வேலை செய்யக் காணோம்."

*

ஊசியின் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். சாயங்காலம் கைகளில் கிரீசைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே முழுக் கதையையும் கேட்டார்.

"ஒரு மில்லிமீட்டர் பூச்சி ஒரு நாள் கூடுதலா வாழ்ந்துட்டுப் போகட்டுமே. உனக்கென்ன வயித்தெரிச்சல்?"

"எனக்கில்லைங்க, மேதாவிக்கு. அவர் வந்து அஞ்சு மாசமா எல்லாத்தையும் மாத்திட்டார். என் மேசை மாறிச்சு, மைக்ராஸ்கோப் மாறிச்சு, தண்ணி வர்ற குழாய்கூட மாறிச்சு. இதுல எதுனு தேடறது?"

"தேடாதே. தேடினா கிடைக்காது. லிஃப்ட்டு நின்னா நான் தேடறேனா? பக்கத்து லிஃப்ட்டு நல்லா ஓடுதுல்ல? ரெண்டுலயும் ஒரு பாகத்தைக் கழட்டி மாத்திப் போடுவேன். கோளாறு அந்தப் பாகத்தோட சேர்ந்து அந்தப் பக்கம் போச்சுன்னா அதான் குற்றவாளி. போகலியா, அடுத்த பாகம்."

"பெரிய கண்டுபிடிப்பு."

"ஆமா. உங்க ஆபீஸ்ல படிச்சவங்க அஞ்சு மாசமா கண்டுபிடிக்காதது," என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

ஊசிக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் கொஞ்சம் சுருக்கென்றது.

*

"டாக்டர் தம்பி, ஒரு உதவி."

கோட்டு நிமிர்ந்தான். "சொல்லுங்கக்கா."

"இந்தத் தடவை என் புழுவை நீ எடுத்துப் போடு, உன் மேசையில உட்கார்ந்து. உன் புழுவை நான் என் மேசையில போடறேன். தட்டுக்கு அடியில எழுதியிருக்கறதை மறைச்சு ஒட்டிடலாம். எண்ணும்போது எது யாரோடதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியக் கூடாது."

"என்னைச் சந்தேகப்படறீங்களா?"

"என்னையே சந்தேகப்படறேன். நீ எந்த மூலைக்கு?"

அவன் சிரித்துவிட்டான். கோட்டின் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தான். அவன் புழு எடுப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. நெல் குத்துவது மாதிரிக் கம்பியால் தட்டிலிருந்த அகார்க் கூழைக் குத்திக் குழி பறித்தான். நாற்பது புழு எடுக்க முக்கால் மணி நேரம். ஊசி வாயைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தாள். இவன் கை பட்டும் என் புழு எண்பது மணி நேரம் தாங்கினால், கையில் ஒன்றுமில்லை என்று ஆகிவிடும்.

நான்கு நாள் காலை ஒன்பதுக்கும் மாலை ஐந்துக்கும் எண்ணினார்கள். கடைசியில் ஒட்டியதைப் பிரித்துப் பார்த்தால், கோட்டின் முரட்டுக் கையில் மாட்டிய ஊசியின் புழுக்கள் எழுபத்தொன்பது மணி நேரம். ஊசி பூப்போல எடுத்துப் போட்ட கோட்டின் புழுக்கள் அறுபத்தொன்று.

"அப்போ எண்ணிக்கையில தப்பில்லை," என்றான் கோட்டு மெதுவாக.

"கையிலயும் இல்லை, மேசையிலயும் இல்லை, மைக்ராஸ்கோப்பிலயும் இல்லை. புழுவுல இருக்கு."

"ஆனா ரெண்டும் ஒரே தாய்த்தட்டுப் புழுக்கா!"

"அதான் தலைவலி."

சந்தோஷமாகப் போய் மேதாவியிடம் சொன்னாள். அவர் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எண்ணிக்கையில தப்பில்லேன்னா புழுவைத் தப்பா வளர்த்திருக்கீங்க. எப்படிப் பார்த்தாலும் உங்க தப்புதானே?" என்றார். மனிதர் எந்தப் பக்கம் விழுந்தாலும் காலூன்றி நிற்கிற வித்தை தெரிந்தவர்.

*

தாய்த்தட்டு ஒன்றே. அங்கிருந்து கிருமித் தட்டுக்குப் போகும்வரை புழுவுக்கு என்ன நடக்கிறது? ஊசி ஒரு தாளில் மணிவாரியாக எழுதினாள். நடப்பது ஒன்றே ஒன்றுதான்: காத்திருப்பது.

குளிர்ந்த அறையில் வளரும் புழுக்களை ஒரு நாள் முன்பே இன்குபேட்டருக்குள் கொண்டுவந்து வைப்பார்கள், இருபத்தைந்து டிகிரி சூட்டுக்குப் பழகட்டும் என்று. அந்த இன்குபேட்டரில் இரண்டே தட்டு அடுக்கு. மேல் அடுக்கில் திறந்த தட்டம். கோட்டு வந்த முதல் வாரமே அதைப் பிடித்துக்கொண்டான். கீழ் அடுக்கில் மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் பெட்டி. பூசி வைத்த கிருமித் தட்டுகள், நோய்ப்பட்ட புழுத் தட்டுகள், இரண்டு பேருடையதும், அந்தப் பெட்டிக்குள்தான். மேல் அடுக்கில் இடமில்லாததால், மறுநாள் கிருமிக்குப் போக வேண்டிய தன் புழுத் தட்டுகளையும் ஊசி அதே பெட்டியின் ஓரத்தில் அடுக்கிவிடுவாள். தட்டுக்குத் தட்டு மூடி இருக்கிறது. ஒன்றை ஒன்று தொடுவதில்லை. தவறு என்று யாருக்கும் தோன்றவில்லை.

இந்தத் தடவை கோட்டைக்கூடக் கேட்காமல் வீட்டுக்காரர் வழியில் போனாள். ஒரே தட்டுப் புழுக்களை இரண்டாகப் பிரித்து, பாதியை மேல் தட்டத்திலும் பாதியைக் கீழ்ப் பெட்டியிலும் வைத்தாள். மறுநாள் காலை எல்லாவற்றையும் தானே எடுத்துக் கிருமியில் போட்டாள்.

மேலே காத்திருந்தவை அறுபது மணி. பெட்டியில் காத்திருந்தவை எண்பத்தொன்று.

ஒரே கை, ஒரே தாய், ஒரே நாள். வித்தியாசம் அந்த இருபத்துநாலு மணி நேரம் மட்டும். பெட்டி! உடனே பெட்டிக்குள் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தாள், சூடு இருபத்தைந்துதான். ஒருவேளை மூடியிருப்பதால் காற்று போதாமல் ஏதாவது ஆகிறதா? அடுத்த சுற்றில் ஒரே மாதிரி மூன்று பெட்டிகள் வைத்தாள். முதல் பெட்டியில் அவள் புழுக்கள் மட்டும். இரண்டாவதில் புழுக்களோடு நல்ல பாக்டீரியா பூசிய தட்டுகள். மூன்றாவதில் புழுக்களோடு பச்சைக் கிருமித் தட்டுகள்.

முதலிரண்டும் அறுபது. மூன்றாவது எண்பது.

"கிருமி எட்டிக் குதிச்சுப் புழுத்தட்டுக்குள்ள போயிருக்கு," என்றான் கோட்டு. "முன்கூட்டியே கொஞ்சமா நோய் வந்து பழகிடுச்சு. அவ்வளவுதான்கா."

நல்ல யோசனைதான். ஊசி அதையும் விடவில்லை. பெட்டியில் காத்திருந்த புழுத்தட்டுகளைத் துடைத்தெடுத்துப் புதுத் தட்டில் தேய்த்து வளரவிட்டாள். புழுக்களையே நசுக்கியும் தேய்த்தாள். பச்சைக் கிருமி ஒரு புள்ளிகூட முளைக்கவில்லை. நல்ல பாக்டீரியா மட்டும் பால்நிறத்தில் வளர்ந்தது.

ஆக, கிருமி போகவில்லை. ஆனால் ஏதோ போயிருக்கிறது. மூடியிட்ட தட்டிலிருந்து மூடியிட்ட தட்டுக்கு, தொடாமல், தடயமில்லாமல் என்ன போகும்? மாதக் கடைசிக்கு இன்னும் ஆறு நாள். ஒரு சுற்றுக்கு ஐந்து நாள் வேண்டும். கையில் இருப்பது ஒரே ஒரு குண்டு. எங்கே சுடுவது என்று தெரியவில்லை.

அன்று காலை பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, அதற்குள் இல்லாத ஒன்றைத் தேடுகிறவள்போல முறைத்துக்கொண்டிருந்தாள்.

"மூடுங்கம்மா அதை!"

வாசலில் மேதாவி. கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு, மற்ற கையால் காற்றை விரட்டினார்.

"எத்தனை தடவை சொல்றது? இந்த நாத்தம் என் ரூம் வரைக்கும் வருதுன்னுதானே வந்த உடனே பெட்டி வாங்கிக் கொடுத்தேன்? முன்னாடி மாதிரி திறந்து போட்டு வைக்கறதுக்கா?"

பச்சைக் கிருமிக்கு ஒரு வாசனை உண்டு. பழுத்துக் கனிந்த திராட்சையும் ஈரச் சாக்கும் சேர்ந்த மாதிரி. பன்னிரண்டு வருடத்தில் ஊசிக்கு அது மறந்தே போயிருந்தது. மேதாவிக்குப் பழகவில்லை. அவர் தொண்டை ஏறி இறங்கியது. கண்ணில் நீர் கோர்த்தது. ஓர் ஓங்கரிப்பு வந்து, அவர் பெருமையையும் மீறி, அறைக்கே கேட்டது.

ஊசி அவரையே பார்த்தாள். மனிதர் எதையும் தொடவில்லை. தின்னவில்லை. ஒரு கிருமிகூட உள்ளே போகவில்லை. வாசலில்தான் நிற்கிறார். ஆனால் வயிறு அதற்குள் தயாராகிவிட்டது, வராத விஷத்தை வெளியே தள்ள.

"என்னம்மா அப்படிப் பார்க்கறீங்க?"

"இன்னொரு தடவை செய்யுங்க சார்."

"என்னது?"

"ஒண்ணுமில்லை சார். போய்த் தண்ணி குடிங்க."

வந்த ஐந்து மாதத்தில் மேதாவி ஓர் ஆய்வுக்கு உதவியது அதுதான் முதல் தடவை.

அவர் போனதும் கோட்டின் முதுகில் ஒரு தட்டு தட்டினாள். "வாசனைடா! கிருமி போகலை. கிருமியோட வாசனை போயிருக்கு."

"அக்கா, புழுவுக்கு மூக்கா?"

"நீ என்னத்தைப் படிச்சுப் பட்டம் வாங்கினே? தலை நுனியில வாசனை பிடிக்கற நரம்பு இருக்குல்ல? சாப்பாட்டைத் தேடிப் போறதே அதை வச்சுத்தானே?"

"அது நகர்றதுக்குக்கா. நோய்க்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? நரம்பு தலையில இருக்கு. சண்டை குடல்ல நடக்குது."

"தலைவர் மூக்கு எங்கே இருக்கு, வயிறு எங்கே இருக்கு? இப்பத்தானே பார்த்தே."

கோட்டு வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பிறகு அவனாகவே, படித்ததற்கு அடையாளமாக, உருப்படியாக ஒன்று சொன்னான். "வாசனைதான் காரணம்னா, வாசனை தெரியாத புழுவுக்குப் பெட்டி எந்த உதவியும் செய்யக் கூடாதுக்கா. குளிர்பெட்டியில அந்த வகை இருக்குல்ல? வாசனை நரம்பு இருந்தும் பிறவியிலேயே அது வேலை செய்யாத வகை?"

குளிர்பெட்டியில் உறைந்திருந்தது வேண்டாம். உறைந்ததை எழுப்பி வளர்க்க வாரக்கணக்காகும். பக்கத்து ஆய்வுக்கூடத்தில் அதே வகையை வளர்க்கிறார்கள் என்று ஊசிக்குத் தெரியும். பத்து நிமிடத்தில் இரண்டு தட்டோடு திரும்பி வந்தாள். எப்படிக் கேட்டாளோ, கொடுத்தவர்கள் வாசல்வரை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

கடைசிச் சுற்று. மூன்று பெட்டி. ஒன்றில் சாதாரணப் புழுவும் கிருமித் தட்டும். இரண்டாவதில் சாதாரணப் புழுவும், இழுத்தால் நீளும் மெழுகுத்தாளை விளிம்பில் மூன்று சுற்றுச் சுற்றி வாசனை கசியாமல் அடைத்த கிருமித் தட்டும். மூன்றாவதில் வாசனை தெரியாத புழுவும் அடைக்காத கிருமித் தட்டும். ஒப்பிட்டுப் பார்க்க, இரண்டு வகைப் புழுவும் மேல் தட்டத்தில் கொஞ்சம். அதற்காகக் கோட்டு தன் இடத்தைப் பாதி விட்டுக்கொடுத்தான். ஐந்து மாதத்தில் அதுவும் முதல் தடவை.

மூன்றாம் நாள் மாலைக்குள் விஷயம் தெரிந்துவிட்டது. நான்காம் நாள் காலை சந்தேகம் இல்லாமல் தெரிந்தது.

*

மேதாவி வரைபடத்தை மேசைமேல் விரித்தார். பக்கத்தில் ஆபீசுக்குப் போக வேண்டிய கடிதம், கையெழுத்துக்குக் காத்திருந்தது.

"சொல்லுங்க."

"வாசனை வர்ற பெட்டியில ஒரு நாள் இருந்த புழு எண்பது மணி நேரம் தாங்குது. வாசனையை அடைச்சா அறுபது. வாசனை தெரியாத புழு, பெட்டியில வச்சாலும் அறுபது, மேலே வச்சாலும் அறுபது. ஒவ்வொண்ணுக்கும் மூணு தட்டு, தட்டுக்கு நாற்பது புழு. தம்பியும் எண்ணினான், நானும் எண்ணினேன், மறைச்சு ஒட்டித்தான்."

"அதனால?"

இந்த 'அதனால'வுக்காகவே காத்திருந்தவள்போல ஊசி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அதனால, வாசனையை நரம்பு பிடிக்குது. பிடிச்சு, 'பக்கத்துல விஷம் இருக்கு, தின்னாலும் தின்னுவே, தயாரா இரு'ன்னு குடலுக்குச் சொல்லி அனுப்புது. குடல் கிருமி வர்றதுக்கு ஒரு நாள் முன்னாடியே கொல்லற பொருளைச் சமைக்க ஆரம்பிச்சுடுது. மறுநாள் நிஜமாவே கிருமி உள்ளே வரும்போது பாதி வேலை முடிஞ்சிருக்கு. எப்படிச் சொல்லி அனுப்புதுன்னு நான் இன்னும் பார்க்கலை. சொல்லி அனுப்புதுன்றது வரைக்கும் கணக்கு சரியா இருக்கு."

மேதாவி முகவாயைத் தடவினார். "இது நம்பற மாதிரி இல்லையே. அப்படித் தயாரா இருக்கறது நல்லதுன்னா, எப்பவுமே தயாரா இருந்துட்டுப் போகலாமே? எதுக்கு மூக்குக்காகக் காத்திருக்கணும்?"

ஊசிக்கே ஆச்சரியம். ஐந்து மாதத்தில் அவர் கேட்ட ஒரே நல்ல கேள்வி.

"கிருமியைக் கொல்லற பொருள் சொந்த உடம்பையும் கொஞ்சம் அரிக்கும் சார். சமைக்கறதுக்குச் சத்தும் வேணும். அந்தச் சத்து வளர்றதுக்கும் முட்டை போடறதுக்கும் போக வேண்டியது. எப்பவும் சண்டைக்குக் கையை முறுக்கிட்டு நிக்கற ஆளு வீட்ல என்ன நடக்கும்னு நினைச்சுப் பாருங்க. அதான் தேவை வரும்போது மட்டும் தொடங்குது. எப்பத் தேவைன்னு வெளியுலகத்தைப் பார்த்துச் சொல்றதுக்கு, நரம்பை விட்டா அதுகிட்ட வேற யாரும் இல்லை."

கோட்டு கதவருகே நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். மேதாவி வரைபடத்தைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியது. அந்த வெளிச்சத்தை ஊசிக்கு நன்றாகத் தெரியும்.

"அப்போ... நான் வாங்கிக் கொடுத்த பெட்டியாலதான் இது வெளியே வந்தது. இல்லையா? முன்னாடி திறந்து வச்சிருந்தப்ப வாசனை கலைஞ்சு போயிட்டு இருந்தது. நான் அதை ஒரு இடத்துல சேர்த்தேன்."

"ஆமா சார். முழுக்க உங்க மூக்கோட சாதனைதான். கட்டுரையில மூக்குக்கு நன்றின்னு தனியா ஒரு வரி போட்டுடலாம்."

அவர் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்ளட்டும் என்று ஊசி விட்டுவிட்டாள். 'என் எண்ணிக்கை தப்பு' என்று தட்டச்சு செய்து வைத்திருந்த தாளை அவர் இரண்டாக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார். நீட்டிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். மன்னிப்பு என்ற சொல் அந்த அறைக்கு வழி தெரியாமல் எங்கேயோ சுற்றிக்கொண்டிருந்தது. ஊசியும் அதற்காகக் காத்திருக்கவில்லை. பன்னிரண்டு வருட நோட்டுகளும் நேராக நிற்கின்றன, அது போதும்.

"சரி, இனிமே என்ன செய்யப் போறீங்க? திரும்பவும் அறுபது, எண்பதுன்னு ரெண்டு கணக்கு வரக் கூடாது," என்றார், விட்டுக்கொடுக்காமல்.

"அது சுலபம் சார்."

கீழே வந்து, மைக்ராஸ்கோப்புக்குப் பக்கத்திலிருந்த தடித்த பேனாவை எடுத்தாள். பன்னிரண்டு வருடமாக வாய், வயிறு, வால் என்று தான் ஏசிய பூச்சி, கிருமி வருவதற்கு ஒரு நாள் முன்பே அதை மோந்து வைத்திருக்கிறது. தனக்கோ காரணத்தை மோந்து பிடிக்க ஒரு மாதம் ஆகியிருக்கிறது. அதை யாரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டாம் என்று முடிவு செய்தாள். ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, இன்குபேட்டர் கதவில் நான்கு மூலையும் ஒட்டினாள்:

'கிருமித் தட்டுகள் மட்டும் பெட்டியில். காத்திருக்கும் புழுக்கள் எல்லாம், யாருடையதாக இருந்தாலும், வேறு இன்குபேட்டரில். கிருமியின் வாசனை ஒரு நாள் பட்டாலே புழு முன்கூட்டியே தயாராகிவிடும். இருபது மணி நேரம் கூடுதலாக வாழும். தட்டுக்கு மூடி இருந்தால் மட்டும் போதாது.'